மான் வேட்டையும் ஒரு மூட்டை உப்பும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கியால் மான் சுடும் முக்கியமான சீசன் ஒன்பதே நாள்தான். நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை விடியற்காலை ஆரம்பித்து, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும். அந்த ஒன்பது நாளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு காட்டுக்குள் போகிறார்கள். (2016-லிருந்து பளீர் பிங்க் நிறமும் போடலாம் என்று சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். எத்தனை ஆண்கள் போடுகிறார்கள் என்பது வேறு விஷயம்!)

இந்தியாவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இங்கே மான் வேட்டை என்றாலே கைது, கோர்ட், வழக்கு என்றுதான் ஞாபகம் வரும். அங்கே கதை வேறு. விஸ்கான்சினின் வடக்குப் பக்கம் ஓநாய்கள் கொஞ்சம் இருக்கின்றன. தெற்கே பண்ணை நிலங்கள் பக்கம் வளர்ந்த மானைப் பிடித்துத் தின்ன ஒரு பெரிய விலங்கும் கிடையாது. 1900 வாக்கில் அமெரிக்கா முழுக்க சில லட்சமாகச் சுருங்கிப் போன வெள்ளைவால் மான்கள் இப்போது சுமார் 3 கோடி. வயலை மேய்கின்றன, காட்டில் முளைக்கும் கன்றுகளை மொட்டையடிக்கின்றன, ராத்திரியில் காரில் வந்து மோதுகின்றன. வேட்டைக்காரர் கட்டும் லைசென்ஸ் பணமும், 1937-ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீது விழும் வரியும் (பின்னாளில் வில் அம்பும் சேர்ந்தது) வனவிலங்குப் பராமரிப்புக்குத்தான் போகிறது. மானைச் சுடுவது சரியா தப்பா என்பது தனி விவாதம். அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். சுடுவது என்று முடிவான பிறகு அதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதுதான் இங்கே கேள்வி. அதற்கான பதில் நவம்பரில் கிடைக்காது, ஜூலையிலேயே கிடைத்துவிடுகிறது.

ஏனென்றால் வேட்டையை ஒழுங்காகச் செய்கிறவர்கள் கோடையிலேயே தயாராக ஆரம்பிக்கிறார்கள். துப்பாக்கிக்கு நவம்பர் என்றாலும் வில் அம்பு சீசன் செப்டம்பர் நடுவிலேயே திறந்துவிடும். அதனால் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் வேட்டைக் கடைகளில் கூட்டம் நிற்கும். வில்லுக்குப் புது நாண் போடுகிறவர் ஒரு பக்கம், கேமரா வாங்குகிறவர் ஒரு பக்கம், வண்டியின் பின்னால் 50 பவுண்டு மூட்டைகளை ஏற்றுகிறவர் ஒரு பக்கம். எல்லாவற்றுக்கும் பெயர் "தயாரிப்பு"தான். ஆனால் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. இதில் ஒரு வகை, மனிதன் தன்னைத் திருத்திக்கொள்ளும் வேலை. இன்னொரு வகை, தான் அப்படியே இருந்துகொண்டு மானைத் தன் இடத்துக்கு இழுத்து வரும் வேலை. முதல் வகை போதவே போதாது, இன்னும் செய்ய வேண்டும். இரண்டாவது வகையை, அதிலும் முக்கியமாக அந்த மூட்டையை, அடியோடு நிறுத்த வேண்டும்.

முதலில் நல்ல வகை.

வில்லை எடுத்துக்கொள்வோம். இப்போது பெரும்பாலோர் வைத்திருப்பது காம்பவுண்ட் வில். இரண்டு முனையிலும் உருளைகள் இருக்கும், முழுக்க இழுத்துப் பிடித்த பிறகு கையில் பாரம் குறைந்துவிடும். அதிலிருந்து புறப்படும் அம்பு நொடிக்கு 280 அடி போகிறது என்று வைத்துக்கொண்டால், 40 கஜ தூரத்தில், அதாவது 120 அடியில் நிற்கும் மானை அடைய 0.43 நொடி ஆகும். நாண் அதிரும் சத்தமோ 0.11 நொடியிலேயே மானின் காதுக்குப் போய்விடும். நடுவில் மானுக்குக் கிடைப்பது சுமார் 0.3 நொடி. மானுக்கு அது தாராளம். சத்தம் கேட்டதும் தாவுவதற்காக முன்னங்கால்களை மடக்கி உடம்பைக் கீழே இறக்கும். நெஞ்சுக்குக் குறிவைத்த அம்பு முதுகுப் பக்கம் போய்விடும். 20 கஜத்தில் அந்த இடைவெளி பாதியாகிவிடுகிறது. எனவே "எனக்கு 60 கஜத்தில் குறி தப்பாது" என்று பெருமையடிக்கிற ஆளைவிட, 20 கஜத்துக்குள் மான் வருகிற வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரிந்த ஆள் நல்ல வேட்டைக்காரர். இந்தக் கணக்கு பேப்பரில் புரிந்தால் போதாது, உடம்பில் ஏற வேண்டும். ஏறுவதற்கு மாதக்கணக்கில் நேரம் வேண்டும்.

குறி வைக்க வேண்டிய இடம் ஒரு சின்ன டிபன் தட்டு அளவுதான், எட்டு முதல் பத்து அங்குலம். அதற்குள் இதயமும் நுரையீரலும் இருக்கின்றன. கூர்மையான பிளேடு இரண்டு நுரையீரலையும் கிழித்துவிட்டால் மான் கொஞ்ச தூரம் ஓடி, சில நொடிகளில் விழுந்துவிடும். அதே அம்பு ஒரு அடி பின்னால் தள்ளிக் குடலில் பட்டால், சாக மணிக்கணக்கில் ஆகும். எங்கேயோ புதருக்குள் படுத்து, யாருக்கும் கிடைக்காமல் போகும். வேட்டைக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசும்போது கொம்பைப் பற்றிப் பேசுவார்கள், தூரத்தைப் பற்றிப் பேசுவார்கள். இப்படிக் கிடைக்காமல் போன மானைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அந்த ஒரு அடி வித்தியாசம் ஜூலை மாதச் சாயங்காலங்களில் தீர்மானமாகிறது. தினமும் நூறு அம்பு விட வேண்டும் என்றில்லை. களைத்த தோளோடு விடுகிற அம்பு தப்பான பழக்கத்தைத்தான் கற்றுக்கொடுக்கும். பத்து அம்பு, ஆனால் ஒவ்வொன்றும் முதல் அம்பு மாதிரி. காட்டில் கிடைப்பது அந்த முதல் அம்பு மட்டும்தானே.

இன்னொன்று. பயிற்சிக்குப் பயன்படுத்தும் சாதாரண முனை வேறு, வேட்டைக்கு மாட்டும் அகன்ற பிளேடு முனை வேறு. பிளேடு காற்றைப் பிடிக்கும், அதனால் அதே வில், அதே கை, அதே தூரம் இருந்தும் அம்பு விலகி விழலாம். ஆகஸ்டில் அதை மாட்டிச் சோதித்துப் பார்க்காதவர் சீசனின் முதல் மானின் மேல் சோதிக்கிறார் என்று அர்த்தம். தரையில் நின்று மட்டுமே பழகுவதும் இதே போலத்தான். வேட்டையில் உட்காரப் போவது 15, 20 அடி உயரத்தில், கனத்த கோட்டு போட்டுக்கொண்டு. வெயில் காலத்தில் டீ-ஷர்ட்டில் பழகிவிட்டு நவம்பரில் கோட்டுக் கையில் நாண் உரசி அம்பு கோணலாகப் போனால் குளிரைத் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை. ஜூலையில் கோட்டு போட்டுக்கொண்டு கொல்லையில் நிற்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தால் சிரிக்கத்தான் செய்வார். சிரித்துவிட்டுப் போகட்டும் :-)

துப்பாக்கிக்காரர்களிடம் சோம்பேறித்தனம் இதைவிட அதிகம். சீசனுக்கு முந்தின வாரம் சுடும் மைதானத்தில் வரிசையில் நின்று, மேஜை மேல் மணல் மூட்டை வைத்து, அதன் மேல் ரைஃபிளைச் சாய்த்து, 100 கஜத்தில் மூன்று தோட்டா சுட்டு, ஸ்கோப்பின் திருகை இரண்டு கிளிக் திருப்பிவிட்டு (பல ஸ்கோப்புகளில் ஒரு கிளிக் என்றால் 100 கஜத்தில் கால் அங்குலம்) வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். காட்டில் மேஜையும் இல்லை, மணல் மூட்டையும் இல்லை. நின்றபடி, மண்டியிட்டபடி, மரத்தில் சாய்ந்தபடி சுட வேண்டும், நெஞ்சு படபடக்கும். போன வருடம் வாங்கிய தோட்டாவும் இந்த வருடம் வாங்கியதும் வேறு கம்பெனி என்றால் குண்டு விழும் இடமே மாறும். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்கினால் எல்லாம் தெரிந்துவிடும். மைதானமும் அப்போது காலியாக இருக்கும்.

அடுத்து பரண். தினைப்புனம் காக்கிற பரண் இல்லை, மரத்தோடு சேர்த்துக் கட்டுகிற இரும்புப் பரண். பல மாநிலங்களில் வேட்டைக்காரர்களை அதிகம் காயப்படுத்துவது துப்பாக்கியைவிட இந்தப் பரணிலிருந்து விழுவதுதான். காரணம் ரொம்பச் சாதாரணம். போன வருடம் கட்டிய நாடாவை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மரம் பருத்து நாடா இறுகுகிறது, வெயிலில் நைந்து போகிறது, அணில் கடிக்கிறது. செப்டம்பர் இருட்டில், காலை நாலரை மணிக்கு அதன் மேல் ஏறுகிறார்கள். கோடையிலேயே எல்லா நாடாவையும் அவிழ்த்துப் பார்த்து மாற்றுவது, உடம்பு முழுக்க மாட்டும் பாதுகாப்புப் பட்டையைத் தரையிலேயே போட்டுப் பழகுவது, ஏணியில் கால் வைக்கும் நேரம் முதல் கயிற்றில் மாட்டியே இருப்பது... இதில் எந்த வீரமும் இல்லை, ஃபோட்டோவும் இல்லை. பட்டையில் அந்தரத்தில் தொங்குவதும் நேரமானால் ஆபத்துதான், ரத்த ஓட்டம் நின்று மயக்கம் வரும். காலை ஊன்றிக்கொள்ள ஒரு சின்னக் கயிற்று வளையம் பையில் இருக்க வேண்டும். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு மானைவிட இது முக்கியம்.

பிறகு நடை. கோடையில் காட்டை நடந்து பார்ப்பது நல்ல விஷயம்தான், ஆனால் அங்கே ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. ஜூலை, ஆகஸ்டு சாயங்காலங்களில் சோயா வயலில் ஆண் மான்கள் நாலைந்தாகச் சேர்ந்து நின்று மேயும். கொம்பின் மேல் வெல்வெட் மாதிரி தோல் போர்த்தியிருக்கும். உள்ளே ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் கொம்பு பாலூட்டி உடம்பில் மிக வேகமாக வளரும் திசுக்களில் ஒன்று. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. பார்த்தவர் "இதுதான் என் மான், இந்த மூலையில்தான் வரும்" என்று பரணை அங்கேயே கட்டிவிடுவார். பகல் நேரம் குறையக் குறைய மானின் உடம்பில் ஹார்மோன் ஏறுகிறது, ஆகஸ்டு கடைசி, செப்டம்பரில் வெல்வெட் உரிகிறது, நண்பர்களாக மேய்ந்தவை பிரிந்து போகின்றன. சோயா இலை மஞ்சளாகும்போது வயலையே விட்டுவிட்டு ஓக் மரக் கொட்டை விழும் இடத்துக்குப் போய்விடுகின்றன. வயல் ஓரத்தில் பரண் கட்டியவர் அக்டோபர் முழுக்க அணில் எண்ணிக்கொண்டிருப்பார்.

எனவே கோடையில் பார்க்க வேண்டியது மானை அல்ல, மரத்தை. வெள்ளை ஓக் கொட்டையில் துவர்ப்பு குறைவு, மானுக்கு அதுதான் முதல் விருப்பம். அது ஒரே வருடத்தில் முற்றும். சிவப்பு ஓக் கொட்டை முற்ற இரண்டு கோடை ஆகும், துவர்ப்பும் அதிகம். ஆகஸ்டில் பைனாகுலரை மேலே திருப்பிப் பார்த்தால் எந்த மரம் இந்த வருடம் காய்த்திருக்கிறது என்பது தெரியும். எல்லா வருடமும் எல்லா மரமும் காய்ப்பதில்லை. காய்த்த மரம், அதற்கு வரும் தடம், தண்ணீர், காற்று வீசும் திசை... இவ்வளவும் தெரிந்தவருக்கு மானுக்குப் போட மூட்டை எதுவும் தேவைப்படாது. (போகும்போது பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்வது நல்லது. லைம் நோயைப் பரப்பும் உண்ணியின் குட்டி கசகசா அளவுதான் இருக்கும், ஜூன், ஜூலையில் அதன் ராஜ்யம். விஸ்கான்சினில் அந்த நோய் சர்வசாதாரணம்.)

இப்போது மூட்டைக்கு வருவோம்.

கடைகளில் விற்கும் அந்த 50 பவுண்டு மூட்டைகளில் சிலதில் மக்காச்சோளம், சிலதில் உப்பும் தாதுக்களும். மூட்டையின் மேல் பிரம்மாண்டமான கொம்போடு ஒரு மான் படம் கட்டாயம் இருக்கும். கோடையில் இதை ஒரு மரத்தடியில் கொட்டிவிட்டு, எதிரில் ஒரு கேமராவைக் கட்டிவிட்டால் போதும். மான் வரும், நக்கும், கேமரா ஃபோட்டோ எடுத்து நேராக ஃபோனுக்கு அனுப்பும். சோஃபாவில் படுத்துக்கொண்டே "வேட்டைக்குத் தயாராகலாம்".

கொம்பு பெரிதாகும் என்பது விற்பனைக்காரர் சொல்லும் காரணம். கொம்பு பெரிதாக மூன்று விஷயம் வேண்டும்: நல்ல மேய்ச்சல், பரம்பரை, வயது. இதில் மனிதன் கையில் சுலபமாக இருப்பது வயது ஒன்றுதான். ஒன்றரை வயது மானைச் சுடாமல் விட்டுவைத்தால் அது நாலரை வயதாகும், கொம்பு தானாகப் பெரிதாகும். செலவு பூஜ்யம். ஆனால் பொறுமையை மூட்டையில் கட்டி விற்க முடியாதே.

இதெல்லாம் வெறும் சோம்பேறித்தனம் என்றால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். பிரச்சினை அதைவிடப் பெரிது. அதன் பெயர் குரோனிக் வேஸ்டிங் டிசீஸ், சுருக்கமாக சி.டபிள்யூ.டி. மான் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, எச்சில் வழிய, தலை தொங்க, தடுமாறிச் சாகும் நோய். 1967-ல் கொலராடோவில் ஆராய்ச்சிக்காக அடைத்து வைத்திருந்த மான்களிடம் முதலில் கவனிக்கப்பட்டது. 1978-ல்தான் இது மேட் கவ் எனப்படும் பைத்தியப் பசு நோயின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. இதற்குக் காரணம் பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை. பிரியான் என்கிற, தப்பாக மடிந்துபோன ஒரு புரதம். மருந்து கிடையாது, தடுப்பூசி கிடையாது, வந்த மான் பிழைப்பதும் கிடையாது. சமைத்தாலும் அழியாது. நோய் தொற்றிய மான் ஒரு வருடத்துக்கு மேல் கூடப் பார்க்க ஆரோக்கியமாகவே நடமாடும். அந்தக் காலம் முழுக்க அதன் எச்சிலிலும் சிறுநீரிலும் சாணத்திலும் பிரியான் வெளியே வந்துகொண்டே இருக்கும், மண்ணில் வருடக்கணக்கில் அப்படியே தங்கும்.

விஸ்கான்சினில் இது 2002 பிப்ரவரியில் தெரிய வந்தது. முந்தின வருட சீசனில் மவுண்ட் ஹோரெப் என்ற ஊர்ப் பக்கம் சுட்ட மூன்று மான்களில் இருந்தது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அதுதான் முதல் தடவை. இன்றைக்கு அந்த மாநிலத்தின் தென்மேற்கில் சில பகுதிகளில் வளர்ந்த ஆண் மான்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் நோய் இருக்கிறது. அமெரிக்காவில் 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் பரவிவிட்டது. 2016-ல் நார்வேயில் காட்டுக் கலைமான்களிடமும் கண்டுபிடித்தார்கள். மனிதருக்கு வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனால் நோய் இருக்கும் மானைச் சாப்பிடாதீர்கள் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொல்கிறது.

இந்த நோயையும் அந்த மூட்டையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், விஸ்கான்சினில் நோய் பரவியிருக்கும் பகுதியில் மான்கள் வந்து நக்கும் 11 உப்புத் திட்டுகளின் மண்ணையும் தேங்கிய தண்ணீரையும் எடுத்துச் சோதித்தார்கள். 11-ல் 9 திட்டுகளில் பிரியான் இருந்தது. பதினொன்றில் ஒன்பது! கொம்பு வளரட்டும் என்று கொட்டிய உப்பு, ஊர் மான்கள் எல்லாம் வந்து ஒருவர் எச்சிலை ஒருவர் நக்கும் தட்டாக மாறியிருக்கிறது.

மூட்டை போடுகிறவர்களிடம் பதில் இல்லாமல் இல்லை. "ஆயிரக்கணக்கான ஏக்கரில் சோளம் நிற்கிறது, அதையும் மான்தான் தின்கிறது, நான் போடும் ஒரு குவியல்தான் கெடுத்ததா?" என்பார்கள். வயலில் மான் பரந்து மேய்கிறது, ஒரு கதிரை இரண்டு மான் தின்பதில்லை. குவியலில் பத்து மூக்கு ஒரே இடத்தில் புதைகிறது, அதே இடத்தில் நாளைக்கும் புதைகிறது. "மான்கள் எப்படியும் ஒன்றையொன்று நக்கிக்கொள்கின்றன" என்பது அடுத்த வாதம். உண்மைதான், ஆனால் அது ஒரே குடும்பத்துக்குள். மூட்டையோ ஒன்றையொன்று பார்த்தே இராத கூட்டங்களை ஒரே இடத்தில் சேர்த்துவிடுகிறது.

இவற்றைவிட நியாயமான வாதம் ஒன்று உண்டு, அதை அலட்சியமாகத் தள்ள முடியாது. வாரத்துக்கு ஐம்பது மணி நேரம் வேலை செய்கிற ஆள். சொந்தமாகப் பத்து ஏக்கர்தான். பக்கத்து நிலக்காரருக்கு நானூறு ஏக்கர், அவர் மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார், மான் எல்லாம் அங்கே போகிறது. இவர் கொட்டாவிட்டால் வருடத்துக்கு ஒரு மான் கூடக் கிடைக்காது, ஃப்ரீஸர் காலி. காடு காடாக நடந்து ஓக் மரம் பார்க்க இவருக்கு நேரம் எங்கே? "நீங்கள் மட்டும் நல்லவராக இருங்கள்" என்று இவரிடம் சொல்வது அநியாயம். ஒருவர் நிறுத்தினால் அவருக்கு நஷ்டம், எல்லோரும் நிறுத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை. மூட்டையே இல்லாவிட்டால் நானூறு ஏக்கர்காரரின் மானும் ஓக் கொட்டையைத் தேடி வேலி தாண்டி வந்துதான் ஆக வேண்டும். இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் சட்டம் என்று ஒன்று இருக்கிறது.

சட்டம் இருக்கிறது, ஆனால் பாதிச் சட்டம். விஸ்கான்சினில் ஒரு கவுண்டியில் நோய் தென்பட்ட பிறகு அங்கே தீனி போடத் தடை வருகிறது. நோய் தென்பட்ட இடத்துக்குப் பக்கத்திலும் இல்லாத மற்றக் கவுண்டிகளில் அனுமதி உண்டு. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். இங்கே வெள்ளம் வந்ததைச் சோதித்து உறுதி செய்துகொண்டு அணை போடுகிறார்கள், அதுவும் வெள்ளம் வந்த வீட்டுக்கும் அதை ஒட்டிய வீட்டுக்கும் மட்டும். நோய் வெளியே தெரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்னும்போது, முதல் மான் சிக்குவதற்குள் அந்தக் கவுண்டியின் உப்புத் திட்டுகள் எத்தனை கை பார்த்திருக்கும்? பக்கத்து மாநிலமான மிச்சிகன் 2019-ல் தன் கீழ்த் தீபகற்பம் முழுவதற்கும் ஒரே தடையாகப் போட்டது. எதிர்ப்பு பலமாக இருந்தது, சோளம் விற்கிறவர்கள் முதல் அரசியல்வாதிகள் வரை குதித்தார்கள். ஆனால் முறை என்று பார்த்தால் அதுதான் முறை. மானுக்குக் கவுண்டி எல்லை தெரியாது.

கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை. அது நோய் பரப்பாது, அதனால் உப்போடு சேர்த்து அதைத் திட்டுவது முறையல்ல. ஆனால் அரிசோனா மாநிலம் 2022 ஜனவரியிலிருந்து வேட்டைக்கு இந்தக் கேமராவைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. தியடோர் ரூஸ்வெல்ட் 1887-ல் ஆரம்பித்த பூன் அண்ட் கிராக்கெட் கிளப் காலத்திலிருந்தே அமெரிக்க வேட்டைக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் கொள்கை ஒன்று உண்டு: விலங்குக்குத் தப்பிக்க நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும். எட்டு கேமரா வைத்து, எந்த மான் எத்தனை மணிக்கு எந்த மரத்தடியில் நிற்கிறது என்று ஃபோனில் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர் அந்தக் கொள்கையை எங்கே வைத்துவிட்டுப் போகிறார் என்று தெரியவில்லை. ஜூலையில் ஒரு கேமரா வைத்து, எத்தனை பெண் மான் குட்டியோடு வருகிறது என்று பார்ப்பது வேறு. அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை.

ஆல்டோ லியோபோல்ட் என்று ஒருவர் இதே விஸ்கான்சினில் இருந்தார். 1933-ல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் அமெரிக்காவின் முதல் வனவிலங்கு மேலாண்மைப் பேராசிரியர் ஆனவர், தானே வில் செய்து வேட்டைக்குப் போனவர். மற்ற விளையாட்டுக்களில் கைதட்டவும் கத்தவும் கூட்டம் இருக்கிறது, வேட்டைக்காரன் செய்வதைப் பார்க்க யாரும் இல்லை என்ற கருத்தை அவர் எழுதியிருக்கிறார். நவம்பரிலாவது பக்கத்துப் பரணில் ஒரு மச்சானோ மாமாவோ இருப்பார். ஜூலையில் அதுவும் இல்லை. மூட்டையை வண்டியில் ஏற்றுவதையும் யாரும் பார்ப்பதில்லை, ஏற்றாமல் வருவதையும் யாரும் பார்ப்பதில்லை.

கோடையில் செய்ய இன்னும் ஒரு சின்ன வேலை இருக்கிறது. சுட்ட மானின் தலையை எங்கே கொடுத்துச் சோதிப்பது என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்வது. விஸ்கான்சினில் இந்தச் சோதனை இலவசம். பல ஊர்களில் தாங்களாகவே தலையைப் பையில் போட்டு வைத்துவிட்டு வரும் பெட்டிகள் இருக்கின்றன, கழுத்துக்கு மேல் உள்ள நிணநீர் முடிச்சை எடுத்துப் பார்ப்பார்கள். முடிவு வர நாளாகும், அதுவரை கறியைத் தனியாகப் பெயர் எழுதி ஃப்ரீஸரில் வைக்க வேண்டும். இரண்டு மூன்று மானின் கறியைக் கலந்து அரைத்துவிட்டால் பிறகு எதைத் தூக்கிப் போடுவது என்று தெரியாது. மிச்ச எலும்பையும் தோலையும் காட்டில் வீசாமல் குப்பைக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். நவம்பர் குளிரில், மான் கையில் இருக்கும்போது இதையெல்லாம் தேடிக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

பழைய உப்புத் திட்டு வைத்திருப்பவர்கள் நிலைமைதான் சங்கடம். உப்பு போடுவதை நிறுத்தினாலும் மான் உடனே நிறுத்தாது. மழையில் கரைந்து மண்ணில் ஊறிய உப்புக்காகப் பல வருடம் வந்து அதே மண்ணை நோண்டித் தின்னும், சில இடங்களில் முழங்கால் ஆழத்துக்குக் குழியே விழுந்திருக்கும். மானுக்கு எட்டாத மாதிரி சுற்றிலும் வேலி போடலாம். ஒரு சனிக்கிழமை வேலை. கம்பியும் கட்டையும் வாங்க, மூட்டை விற்கிற அதே கடைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.